ஆலய வளாகங்களில் குழந்தைகள் பாதுகாப்பு: புகாரை முதலில் யாரிடம் தெரிவிக்க வேண்டும்? சட்டம் கூறுவது என்ன?

குடுபல்லி (சித்தூர்): வழிபாடு, மறைக்கல்வி, ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, கோடை விடுமுறை முகாம், மாணவர் விடுதி எனக் குழந்தைகள் வாரந்தோறும் திருச்சபைகளின் பொறுப்பில் பல மணி நேரத்தைச் செலவிடுகின்றனர். அந்த இடங்களில் ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்தால், அதை அறிந்தவர் முதலில் யாரிடம் செல்ல வேண்டும் என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் சொல்லும் விடை, "ஆயரிடம்" அல்லது "மூத்த போதகரிடம்" என்பதாகும். இந்தியச் சட்டம் தரும் விடை வேறு. முதல் தகவல் காவல்துறைக்குச் செல்ல வேண்டும். திருச்சபைக்குத் தெரிவிப்பது அதன் பின்னரே வருகிறது.

இந்த வரிசை மாறும்போது என்ன நிகழ்கிறது என்பதைத் தென்னிந்தியாவில் நடந்த இரு வழக்குகள் காட்டுகின்றன.

உதகை மறைமாவட்ட வழக்கு

நீலகிரி மாவட்டத்தைத் தன் எல்லைக்குள் கொண்ட உதகமண்டலம் கத்தோலிக்க மறைமாவட்டத்தைச் சேர்ந்த அருட்பணியாளர் ஜோசப் பழனிவேல் ஜெயபால், 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திற்குப் பணிக்காகச் சென்றார். அங்குள்ள குரூக்ஸ்டன் மறைமாவட்டத்தின் கிரீன்புஷ் என்ற சிற்றூரில் பணியாற்றிய அவர், 2005-இல் இந்தியா திரும்பினார். அதன் பின்னர், பதின்பருவச் சிறுமிகளிடம் அவர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகப் புகார்கள் எழுந்தன. அமெரிக்காவில் அவர் மீது குற்றவழக்குத் தொடரப்பட்டது.

இந்தியாவில் அவர் தொடர்ந்து திருச்சபைப் பணியில் இருந்தார். மறைமாவட்ட அலுவலகத்தில், திருச்சபைப் பள்ளிகளின் ஆசிரியர் நியமனம் தொடர்பான பணிகளை அவர் கவனித்து வந்தது 2010-இல் செய்தி நிறுவனங்கள் வாயிலாக வெளியானது. அவரைக் குருத்துவத்திலிருந்தே நீக்கலாம் என்பது வத்திக்கானின் பரிந்துரையாக இருந்தும், ஓராண்டு துறவு மடத்தில் தங்கியிருக்க வேண்டும் என்பதே உள்ளூர் அளவில் அவருக்கு விதிக்கப்பட்ட நடவடிக்கை என்பதும் அப்போது தெரியவந்தது. அதே ஆண்டில் அவர் குருத்துவப் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்.

2012-இல் ஈரோட்டில் அவர் கைது செய்யப்பட்டார். 2014-இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2015-இல் ஒரு சிறுமி தொடர்பான குற்றச்சாட்டை அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த உடன்பாட்டின்படி மற்றொரு சிறுமி தொடர்பான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட நிலையில், ஏற்கெனவே காவலில் கழித்த காலம் கணக்கில் கொள்ளப்பட்டதால் அவர் விடுவிக்கப்பட்டு இந்தியா திரும்பினார். 2016 ஜனவரியில், வத்திக்கானுடன் கலந்தாலோசித்த பின், உதகை ஆயர் அருளப்பன் அமல்ராஜ் அவரது இடைநீக்கத்தை விலக்கினார். இந்த முடிவு பாதிக்கப்பட்டோர் அமைப்புகளிடையே கடும் எதிர்ப்பை எழுப்பியது.

புகார் எழுந்த காலத்திற்கும் கைது நடந்த நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் இருந்தன. அந்த இடைவெளியில் திருச்சபையின் உயர்நிலையினர் புகாரை அறிந்திருந்தனர். அறிந்திருந்தும், பள்ளிகளுடன் தொடர்புடைய பொறுப்பு ஒன்று அவரிடம் இருந்தது.

கொட்டியூர் வழக்கு

கேரள மாநிலம் கண்ணூர் மாவட்டம் கொட்டியூரில் 16 வயதுச் சிறுமி ஒருவர் 2017 பிப்ரவரியில் குழந்தை பெற்றார். தொடக்கத்தில், சிறுமியின் தந்தையே குற்றத்தைத் தம் மீது ஏற்றுக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்டார். பின்னர் விசாரணை பங்குத்தந்தை ராபின் வடக்கும்சேரியை நோக்கித் திரும்பியது. வெளிநாடு செல்ல முயன்ற நிலையில் அவர் கைது செய்யப்பட்டார்.

நீதிமன்ற விசாரணையின்போது சிறுமியும் பெற்றோரும் பிறழ்சாட்சிகளாயினர். எனினும், மரபணுச் சோதனையும் சிறுமியின் வயதைக் காட்டும் ஆவணங்களும் வழக்கை நிலைநிறுத்தின. 2019 பிப்ரவரி 16 அன்று தலச்சேரி போக்சோ நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு கடுங்காவல் தண்டனை விதித்தது. பின்னர் வத்திக்கான் அவரைக் குருத்துவ நிலையிலிருந்து நீக்கியது. 2021 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தண்டனையை 10 ஆண்டுகளாகக் குறைத்தது.

இவ்வழக்கில் பாதுகாப்பு அமைப்பே கேள்விக்குள்ளானது. வயநாடு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக அப்போது இருந்தவரும் ஓர் அருட்பணியாளரே. நடைமுறை மீறல் குற்றச்சாட்டின் பேரில் மாநில அரசு அவரைப் பதவியிலிருந்து அகற்றியது. பின்னர் விசாரணை நீதிமன்றம் அவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. பிரசவம் பார்த்த மருத்துவமனையைச் சார்ந்த மூவரை உச்சநீதிமன்றம் 2018-இல் வழக்கிலிருந்து விடுவித்தது. சிறுமியின் வயது 18 என்றே அவர்களிடம் கூறப்பட்டிருந்தது என்பதையும், குற்றம் நடந்ததை அறிந்திருந்தால் மட்டுமே தகவல் தரும் கடமை எழும் என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

'எந்த ஒரு நபரும்'

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் அனைவருக்கும் பொருந்தும். இதன் 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்திருப்பதை அறிந்த எந்த ஒரு நபரும், அல்லது குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் கொண்ட எந்த ஒரு நபரும், சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்திற்கோ தகவல் தர வேண்டும். இந்தக் கடமையிலிருந்து ஆயர், போதகர், அருட்சகோதரி, விடுதிக் காப்பாளர், ஞாயிறு பள்ளி ஆசிரியர் எவருக்கும் விலக்கு இல்லை.

தகவல் தரத் தவறினால் 21-ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர், தம் கீழ் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை மறைத்தால் தண்டனை ஓராண்டு வரை உயரும். தகவல் தரவில்லை என்பதற்காகக் குழந்தையைத் தண்டிக்க முடியாது. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது உரிமையியல் வழக்கோ குற்றவழக்கோ தொடர முடியாது என்றும் சட்டம் உறுதியளிக்கிறது.

குற்றத்தை அறிந்தும் தகவல் தராமல் இருப்பது கடுமையான குற்றம் என்றும், உடனடித் தகவலே இச்சட்டத்தின் அடித்தளம் என்றும் உச்சநீதிமன்றம் 2022 நவம்பரில் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் வலியுறுத்தியது.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிடக்கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் மாற்ற முடியாத விதி. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவிலோ அதற்கென விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. ஆயினும், நடைமுறையில் பெரும்பாலான தகவல்கள் பாவசங்கீர்த்தனத்தின் வழியாக வருவதில்லை. பெற்றோரின் முறையீடாகவும், சக பணியாளரின் ஐயமாகவும், குழந்தையின் தயக்கமான சொற்களாகவுமே அவை வருகின்றன. அவற்றை மறைப்பதற்கு எந்த விதியும் துணை நிற்காது.

மத நிறுவனப் பணியாளர் எனில் கூடுதல் தண்டனை

கல்வி நிறுவனம் அல்லது மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அந்நிறுவனத்தில் உள்ள குழந்தையிடம் குற்றம் புரிந்தால், போக்சோ சட்டம் அதைக் கடுமைமிக்க குற்றமாக வகைப்படுத்துகிறது. அவ்வகையான உட்புகுத்தல் பாலியல் தாக்குதலுக்கு, 2019-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், குறைந்தபட்சம் 20 ஆண்டு கடுங்காவல் முதல் எஞ்சிய வாழ்நாள் முழுவதுமான சிறை அல்லது மரண தண்டனை வரை விதிக்கலாம். உட்புகுத்தல் அல்லாத பாலியல் தாக்குதலுக்கு 5 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் இழைக்கும் குற்றம் கூடுதல் கொடியது என்ற எண்ணமே இப்பிரிவுகளுக்கு அடிப்படை. மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். கொடுமை இழைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், அல்லது நம்பிக்கையும் பொறுப்பும் உடைய இடத்தில் இருந்தவர்கள்.

எல்லைப் பகுதிகளில் எழும் கேள்விகள்

சித்தூர் மாவட்டத்தின் குப்பம் சட்டப்பேரவைத் தொகுதியில் அடங்கிய குடுபல்லி, ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்கள் நெருங்கும் பகுதியில் உள்ளது. தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் இங்கு புழங்குகின்றன. ஒரு மாநிலத்தில் வசிக்கும் குடும்பம் மற்றொரு மாநிலத்து ஆலயத்திற்கோ விடுதிக்கோ குழந்தையை அனுப்புவது எல்லைப் பகுதிகளில் இயல்பான ஒன்று. ஆகவே இங்கு இரு கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, எந்தக் காவல் நிலையம் என்பது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' எனப்படும் இந்த முறையில், தகவலைப் பதிவு செய்த நிலையம் அதை உரிய நிலையத்திற்கு அனுப்பிவைக்கும். 'இது எங்கள் எல்லை அன்று' எனக் கூறித் திருப்பி அனுப்ப முடியாது.

இரண்டாவது, மொழி. குழந்தைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் பதிவு செய்யப்படும்போது, தகுதி வாய்ந்த மொழிபெயர்ப்பாளர் அமர்த்தப்பட வேண்டும் என்று போக்சோ சட்டம் 19-ஆவது பிரிவிலேயே கூறுகிறது. தமிழ் மட்டுமே பேசும் குழந்தை தெலுங்கில் எழுதப்பட்ட தாளில் கையொப்பமிட வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளரைக் கோருவது குழந்தையின் உரிமை.

வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே அதைப் பதிவு செய்ய வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்திற்கும் காவல்துறை அறிக்கை அளிக்க வேண்டும்.

சமரசத்திற்கு இடமில்லை

ஊர்ப் பெரியவர்களோ சபை மூப்பர்களோ கூடி, பணம் பெற்றுக்கொண்டு புகாரைக் கைவிடச் செய்வது சட்டப்படி செல்லாது. ராஜஸ்தானில் ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கு, சிறுமியின் குடும்பத்துடன் ஏற்பட்ட சமரசத்தின் அடிப்படையில் ரத்து செய்யப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்து, வழக்கைத் தொடர உத்தரவிட்டது. இத்தகைய குற்றம் இரு தரப்பினருக்கு இடையிலான தனிப்பட்ட விவகாரம் அன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் ஆகியவற்றை வெளியிடுவதும் குற்றமாகும். நாளிதழ்களுக்கு மட்டுமன்றி, சபையின் வாட்ஸ்அப் குழுக்களில் விவரங்களைப் பரப்புவோருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

திருச்சபைகளின் விதிகள்

கத்தோலிக்கத் திருச்சபையில், புகாரைப் பெறுவதற்கான அமைப்பு ஒன்றை ஒவ்வொரு மறைமாவட்டமும் ஏற்படுத்த வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் ஆணையிட்டார். 2023-இல் திருத்தப்பட்ட அந்த ஆணை, அருட்பணியாளர்களுடன் பொதுநிலையினர் அமைப்புகளின் தலைவர்களையும் உள்ளடக்கியது. ஆயர்கள் புகாரை மூடிமறைப்பதும் விசாரணைக்கு உரியது. நாட்டின் சட்டம் விதிக்கும் கடமைகளை இந்த விதிகள் மாற்றுவதில்லை என்றும் அந்த ஆணை தெளிவுபடுத்துகிறது. 2019 டிசம்பரில், இத்தகைய வழக்குகளுக்கு இருந்துவந்த 'பாப்பரசு இரகசியம்' என்ற கட்டுப்பாடும் நீக்கப்பட்டது.

சித்தூர் பகுதி கத்தோலிக்கர்கள் கடப்பா மறைமாவட்டத்திற்கும், தென்னிந்தியத் திருச்சபையினர் ராயலசீமா பேராயத்திற்கும் உட்பட்டவர்கள். மேல்நிலை நிர்வாகம் எதுவுமற்ற தனிச் சபைகளும் ஏராளம் உள்ளன. அத்தகைய சபைகளில், நிறுவனரே போதகராகவும் நிர்வாகியாகவும் இருக்கும்போது, உள்ளே முறையிடுவதற்கு வேறு இடமே இராது. அங்கு காவல்துறையும் குழந்தைகள் நலக் குழுவுமே வழி.

இச்சிக்கல் ஒரே திருச்சபைக்கோ ஒரே நாட்டுக்கோ உரியதன்று. கிறிஸ்தவ இளைஞர் முகாம்களை நடத்திய ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர் இழைத்த கொடுமைகள் குறித்துத் தெரிந்த பின்னும் போதிய நடவடிக்கை எடுக்கத் தவறியதாக எழுந்த குற்றச்சாட்டில், ஆங்கிலிக்கத் திருச்சபையின் தலைவரான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி விலகலை அறிவித்தார். இங்கிலாந்தில் புகார்கள் எழுந்த பின் ஆப்பிரிக்கா சென்ற ஸ்மித், அங்கும் சிறுவர் முகாம்களை நடத்தினார். உதகை வழக்கைப் போலவே, இடமாற்றத்தின் பின்னால் புகார் மறைந்துபோனது.

எளிதில் பாதிக்கப்படக்கூடிய வயதுவந்தோர்

18 வயதைக் கடந்தவர்கள் அனைவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் நிலையில் இருப்பதில்லை. உடல்நலம் குன்றியவர்கள், அறிவுசார் குறைபாடு உடையவர்கள், தனித்து வாழும் முதியோர், இல்லங்களில் பிறரைச் சார்ந்திருப்போர் ஆகியோர் கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படுவோராவர். ஆற்றுப்படுத்துதலுக்காகவோ சுகமளிக்கும் செபத்திற்காகவோ தனிமையில் போதகரைச் சந்திப்பவரும், அந்தத் தருணத்தில் சமநிலையில் இருப்பதில்லை.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 64-ஆவது பிரிவு, நம்பிக்கை அல்லது அதிகாரம் உள்ள இடத்தில் இருப்பவர் இழைக்கும் பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தது 10 ஆண்டு தண்டனை விதிக்கிறது. நம்பிக்கைக்குரிய உறவைப் பயன்படுத்தி இணங்கச் செய்வதும் 68-ஆவது பிரிவின்படி 5 முதல் 10 ஆண்டு வரை தண்டனைக்குரியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, மாற்றுத்திறனாளி ஒருவர் கொடுமைக்கு ஆளாவதாகக் கருதும் எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம்.

குழந்தை சொல்லும்போது

பெரியவர் ஒருவரிடம் குழந்தை மனம் திறக்கும் முதல் சில நிமிடங்கள் முக்கியமானவை. குறுக்கிடாமல் கேட்க வேண்டும். 'ஏன் அங்கே போனாய்', 'ஏன் அப்போதே சொல்லவில்லை' என்ற கேள்விகள் குழந்தையின் வாயை அடைத்துவிடும். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்களிக்கக் கூடாது. அந்த வாக்கைச் சட்டப்படி காப்பாற்ற இயலாது. குழந்தை பயன்படுத்திய சொற்களையே தேதி, நேரத்துடன் குறித்துக்கொள்ள வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து எதிரெதிரே நிறுத்தி விசாரிப்பது கூடாது. சம்பவம் அண்மையில் நடந்திருந்தால், அணிந்திருந்த உடைகளைத் துவைக்காமல் பத்திரப்படுத்தி, விரைவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவாகாத நிலையிலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம். அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டும் உடனடி முதலுதவியையும் சிகிச்சையையும் இலவசமாக அளிக்கக் கடமைப்பட்டவை.

பல ஆண்டுகள் கழித்துப் பேசுவோரும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்குப் புகார் அளிக்கக் காலவரம்பு இல்லை.

சபைகள் முன்கூட்டியே செய்யத்தக்கவை

குழந்தைகளுடன் தொடர்ந்து பழகும் நிறுவனங்கள், தம் பணியாளர்களின் பின்னணியைக் காவல்துறை வாயிலாகக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் கூறுகின்றன. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைக்கும் இல்லங்கள், 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவின்றி நடத்துவது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதத்திற்கோ உரியது.

இவற்றுடன், பெரும் செலவின்றி எந்தச் சிற்றாலயமும் மேற்கொள்ளத்தக்க ஒழுங்குகள் சில உள்ளன. எந்த வகுப்பிலும் பயணத்திலும் இரு பெரியவர்கள் உடனிருப்பது. ஆற்றுப்படுத்தும் அறையின் கதவில் கண்ணாடி பொருத்துவது. பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தையுடன் கைபேசியில் தனியே உரையாடுவதைத் தடுப்பது. வேறு ஊரிலிருந்து வரும் பணியாளர் குறித்து, அவர் முன்பு இருந்த சபையிடம் எழுத்துவடிவில் கேட்டறிவது ஆகியவை அவை. இறுதியாகக் கூறப்பட்டதே, மேற்கண்ட வழக்குகள் கற்பிக்கும் முதன்மைப் பாடம். புகார் எழுந்த ஒருவரை வேறு ஊருக்கு மாற்றுவது, ஓர் ஊரின் குழந்தைகளை விடுத்து மற்றோர் ஊரின் குழந்தைகளை ஆபத்துக்கு உள்ளாக்குவதாகும்.

தொடர்பு எண்கள்

குழந்தைகள் உதவி எண்: 1098 (24 மணி நேரமும், கட்டணமின்றி). அவசர உதவி: 112. பெண்கள் உதவி எண்: 181. முதியோர் உதவி எண்: 14567. அழைப்பவர் முழு விவரமும் அறிந்திருக்க வேண்டியதில்லை. சான்றுகளைத் திரட்டியிருக்க வேண்டியதும் இல்லை. அறிந்ததைத் தெரிவிப்பதே குடிமகனின் கடமை. புலனாய்வு செய்வது காவல்துறையின் பணி.